கண்ணில் விட்ட சொட்டு மூச்சை அடைக்குமா?

மாட்டுங்காவாசி | ஞாயிறு, இரவு 9:40

அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடங்களாக இழைப்பு உண்டு. மும்பையில் அடைமழை பிடித்துச் சுவரில் ஓதம் ஏறியதும் தொடங்கும், தீபாவளி கழிந்தால் அடங்கும். நீல நிற இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். இத்தனை வருடங்களில் அது கைவிட்டதே இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கண் மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, கண்ணில் நீரழுத்தம் அதிகம் என்று டிமோலால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் காலை ஒரு சொட்டு, இரவு ஒரு சொட்டு. நான்காம் நாள் இரவு இழைப்பு வந்தது. இரண்டு முறை இழுத்தார். பிறகு நான்கு, பிறகு ஆறு. அடங்கவே இல்லை. மூன்று சொல் பேசினால் நிறுத்தி மூச்சு வாங்கினார். கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டது. டாக்ஸி பிடித்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த இளம் மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இப்படி இழைக்கிறவர்களுக்கு நாடி நூற்றுக்கு மேல் ஓடும். இவருக்கு 58 தான் இருக்கிறது" என்றார். மருந்துப் பையைக் கட்டில்மேல் கவிழ்க்கச் சொன்னார். ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்து, கண் சொட்டுக் குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். "இதை இனி விடாதீர்கள்" என்றார். நெபுலைசரில் வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா காபி கேட்டார்.

எனக்கு இரண்டு கேள்விகள். கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போனது? முப்பது வருடம் கேட்ட இன்ஹேலர் அன்று மட்டும் ஏன் கேட்கவில்லை?

சயான் மருந்தாளுநர் | ஞாயிறு, இரவு 10:15

படிக்கும்போதே வயிறு கலங்குகிறது, சகோதரி. டிமோலாலோடு வரும் தாளிலேயே ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். அந்தத் தாளின் எழுத்துகள் எறும்பைவிடச் சிறியவை என்பது வேறு விஷயம்.

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அழும்போது மூக்கு ஏன் ஒழுகுகிறது? கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, இமையின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குத் துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியே மூக்குக்குள் வடிகிறது. சொட்டு மருந்துக்கும் அதுதான் வடிகால். கண்ணுக்குள் நிற்கக்கூடிய நீரைவிட ஒரு சொட்டு பெரியது. மிச்சம் மூக்குக்குப் போய், அங்குள்ள மெல்லிய சவ்வின் வழியே நேராக ரத்தத்தில் கலந்துவிடும். மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் ஒரு பங்கையாவது சிதைக்கும். மூக்கின் வழியே போவதற்கு அந்தச் சோதனைச் சாவடி இல்லை.

எந்தச் சொட்டு மருந்தானாலும், விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய அந்த உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். ரத்தத்துக்குப் போவது வெகுவாகக் குறையும். ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு டிமோலால் விட அது போதுமான காப்பு அல்ல.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஆஸ்துமா இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவே இல்லையா?

செம்பூர்ப் பெரியவர் | ஞாயிறு, இரவு 11:02

நான் ரசாயனத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் 34 வருடம் வேலை பார்த்தவன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

0.5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று வைத்தால் ஒரு சொட்டில் கால் மில்லிகிராம். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரு மில்லிகிராம். அறுபது கிலோ உடம்பில் ஒரு மில்லிகிராம் என்ன செய்துவிடும்? கடந்த மாதம் பெய்த மழையில் என் வீட்டுச் சுவரிலேயே பூஞ்சை பிடித்தது. காற்றின் தரமும் நாம் அறிந்ததுதான். பனம்பழம் விழுந்ததற்குக் காகத்தின்மேல் பழி போடுகிறோமோ என்று தோன்றுகிறது.

மருந்தியல் ஆசிரியை | திங்கள், காலை 6:20

வகுப்புக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக நான் பாடம் நடத்துவதே இதைத்தான்.

பெரியவரின் சந்தேகம் நியாயமானது. கணக்கும் சரி. அதே கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோவோம். டிமோலாலின் மூலக்கூறு எடை 316. கால் மில்லிகிராமில் ஏறத்தாழ 4,700 கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. தராசுக்கு அது ஒன்றுமில்லை, செல்லுக்கு அது பெருங்கூட்டம்.

இந்த மருந்து உடம்பு முழுவதையும் நனைத்து வேலை செய்வதில்லை. செல்லின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் சில புரதங்களோடு மட்டுமே இதற்குப் பேச்சு. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர், மருத்துவர்கள் ரிசப்டர் என்பார்கள். 1905-ல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்ற உடலியலாளர் இதை நெருங்கிய விதம் எனக்கு இன்றும் வியப்பு. கோழியின் தசையில் நிகோட்டின் வைத்தார், தசை இறுகியது. குராரே என்ற அம்புநஞ்சை வைத்தார், இறுக்கம் தளர்ந்தது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பை முன்பே வெட்டி, அது முழுக்க அழிந்துபோகும்வரை காத்திருந்தும் செய்து பார்த்தார். அப்போதும் அதேதான் நடந்தது. அப்படியானால் இரண்டு மருந்தும் நரம்பைத் தொடவில்லை. தசைக்குள்ளேயே மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது, இரண்டும் அதற்காகப் போட்டியிடுகின்றன என்று எழுதினார். கண்ணால் பார்க்க வழியில்லாத காலம். நடத்தையை வைத்தே ஊகித்தார்.

இனி அம்மாவின் இன்ஹேலர். பூட்டும் சாவியும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. பூட்டுக்குள் போன சாவி அங்கேயே கிடக்கும். மருந்து அப்படி இல்லை, ஒட்டும், விலகும், மறுபடி ஒட்டும். நம் ஊர்ப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் டிமோலால். துண்டு உட்காராது, டிக்கெட் எடுக்காது, எந்த வேலையும் செய்யாது. ஆனால் அது கிடக்கும்வரை அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் நம் உடம்பிலேயே ஊறும் அட்ரினலினும், இன்ஹேலரில் வரும் சால்பூட்டமாலும்.

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் பீட்டா 2 என்ற ஏற்பி இருக்கிறது. சால்பூட்டமால் அதில் ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் லேசாகத் திரும்புகிறது. செல்லின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜி-புரதத்தை அது தட்டி எழுப்புகிறது. அது ஒரு நொதியை முடுக்குகிறது. நொதி சுழல் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறுகளை மளமளவென்று செய்து தள்ளுகிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. ஓர் ஏற்பி பல ஜி-புரதங்களை எழுப்பும், ஒவ்வொரு நொதியும் எண்ணற்ற செய்திகளைச் செய்யும். வாசலில் ஒருவர் சொன்ன சொல் ஊர் முழுக்கப் பரவுவதுபோல. பெரியவர் கேட்ட 'இத்தனை சிறிய அளவா' என்பதற்கு இதுவும் சேர்ந்த பதில். தொடக்கத்திலேயே இடத்தை அடைத்துவிட்டால் பின்னால் வர வேண்டிய பெருக்கம் முழுவதும் நின்றுபோகிறது.

அதனால்தான் ஆறு முறை இழுத்தும் கேட்கவில்லை. மருந்து போய்ச் சேர்ந்தது, உட்கார இடம் இல்லை. துண்டு ஆணியடித்ததல்ல, காற்றில் நகரும். நிற்கிறவர்களின் கூட்டம் பெருகினால் சிலருக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்த அளவுக்கு இன்ஹேலரை ஏற்றிக்கொண்டு வீட்டில் காத்திருக்க முடியாது. நீங்கள் டாக்ஸி பிடித்தது சரியான காரியம்.

அந்த இளம் மருத்துவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இதயத்தில் இருப்பது பெரும்பாலும் பீட்டா 1. அட்ரினலின் அங்கே ஒட்டினால் நாடி ஓடும். இழைப்பின் பதற்றத்தில், அதுவும் ஆறு முறை இன்ஹேலர் இழுத்த பிறகு, நாடி 58-ல் நிற்கிறது என்றால் அங்கேயும் யாரோ துண்டு போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். டிமோலால் பீட்டா 1, பீட்டா 2 என்று பிரித்துப் பார்க்காது. மழையும் பூஞ்சையும் இழைப்பைக் கிளப்பும், மறுக்கவில்லை. ஆனால் அவை நாடியைக் குறைக்காது.

கண்ணுக்கு இதை ஏன் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் நீரைச் சுரக்கும் திசுவிலும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே தடுத்தால் சுரப்பு குறையும், அழுத்தம் இறங்கும். நல்ல மருந்துதான், கோடிக்கணக்கான கண்களைக் காத்திருக்கிறது. சீட்டில் 'கண்ணுக்கு' என்று எழுதியிருப்பது மருந்துக்குத் தெரியாது. தன் ஏற்பி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டும்.

மாட்டுங்காவாசி | திங்கள், பகல் 1:30

டீச்சர், அலுவலக இடைவேளையில் இரண்டு முறை படித்தேன். அந்த 58 என்ற எண் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சயான் அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்டார்கள். அதுதான் என் வேதனையே. அன்று நான் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்ட வரிசையில் நின்றேன். உள்ளே அம்மாவிடம் செவிலியர் "தமா ஹை க்யா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா இந்த ஊருக்கு வந்து 45 வருடம் ஆகிறது. காய்கறிக்கும் ரிக்‌ஷாவுக்கும் வேண்டிய இந்தி நன்றாகவே தெரியும். 'தமா' என்ற சொல் மட்டும் தெரியாது. அவருக்கு அது இழைப்பு, எங்களுக்கு வீசிங். "நஹி" என்று சொல்லிவிட்டார். அவர்கள் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. நான் உள்ளே நின்றிருக்க வேண்டும்.

சயான் மருந்தாளுநர் | திங்கள், பகல் 2:05

உங்களை நொந்துகொள்ளாதீர்கள், சகோதரி. என் கடைக்கு வரும் நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் கண் சொட்டையும் மூக்குச் சொட்டையும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் சாப்பிடுவதை மட்டும் சொல்வார்கள். கேள்வியே அப்படி இருக்கிறது. நான் இப்போது "உடம்பில் எங்கேயாவது எதையாவது விடுகிறீர்களா, தடவுகிறீர்களா, இழுக்கிறீர்களா" என்று கேட்கிறேன்.

தாராவி 90 அடிச் சாலை | திங்கள், மாலை 7:48

நெபுலைசரில் சேர்த்த அந்த 'வேறொரு மருந்து' எது? பீட்டா இடமெல்லாம் அடைபட்டிருக்கும்போது அது மட்டும் எப்படி வேலை செய்தது?

இன்னொன்று. திருநெல்வேலிப் பக்கம் என் தாத்தா இழைப்புக்கு ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை பிடிப்பார். அடங்கும் என்பார். நாட்டு மருந்துக்கும் இந்த ஏற்பிக் கணக்கு பொருந்துமா, அல்லது அது வேறு வழியா?

மருந்தியல் ஆசிரியை | திங்கள், இரவு 9:10

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான், தம்பி. அதை எழுதும்போது எனக்கே சிலிர்க்கிறது.

அந்த மருந்து பெரும்பாலும் இப்ராட்ரோப்பியமாக இருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் அதைத்தான் எடுப்பார்கள். மூச்சுக்குழாய்த் தசைக்கு இரண்டு பக்கமிருந்தும் உத்தரவு வருகிறது. பீட்டா 2 வழியாக 'தளர்' என்ற உத்தரவு. இன்னொரு நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிந்தி, மஸ்கரினிக் என்ற வேறு ஏற்பி வழியாக 'இறுகு' என்று சொல்கிறது. 'தளர்' என்பவருக்கு இடம் இல்லாதபோது, 'இறுகு' என்பவரின் இடத்தில் நாம் ஒரு துண்டைப் போட்டுவிடலாம். இப்ராட்ரோப்பியம் அந்தத் துண்டு.

அது அட்ரோப்பினின் நெருங்கிய உறவு. அட்ரோப்பின் எங்கே இருக்கிறது? உங்கள் தாத்தாவின் ஊமத்தையில். இலையிலும் விதையிலும் அட்ரோப்பின், ஸ்கோபொலமின் வகைப் பொருள்கள் உண்டு. ஊமத்தைப் புகையை இழைப்புக்குப் பிடிக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது. பிறகு அங்கே ஆஸ்துமா சிகரெட் என்றே விற்றார்கள். தாத்தா சொன்னது பொய் அல்ல. செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒட்டுவது அதே ஏற்பியில்தான்.

ஆனால் தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். மஸ்கரினிக் ஏற்பி எச்சில் சுரப்பியிலும் கண்மணியிலும் சிறுநீர்ப்பையிலும் மூளையிலும் இருக்கிறது. ஊமத்தை தின்றவருக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடம்பு கொதித்து, புத்தி பேதலிப்பது எல்லாமே அந்த ஒரே துண்டின் வேலைதான். ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் அளவு மாறும், உயிர் போகும். இப்ராட்ரோப்பியத்தில் நைட்ரஜன் அணுவின்மேல் ஒரு மின்னேற்றத்தை ஏற்றியிருக்கிறார்கள். அதனால் அது சவ்வுகளைத் தாண்ட முடியாமல் பெரும்பாலும் நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது, மூளைக்குப் போவதில்லை. அந்தச் சிறு மாற்றத்தில்தான் விஷம் மருந்தாகிறது.

முலுண்ட் அக்கா | செவ்வாய், காலை 10:25

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூக்கடைப்புக்கு சைலோமெட்டாசோலின் சொட்டு விட்டேன். முதலில் ஒரு சொட்டுக்கு இரவு முழுதும் மூக்கு திறந்திருந்தது. இரண்டு மாதத்தில் மூன்று மணிக்கு ஒருமுறை விட வேண்டியதாயிற்று, விடாவிட்டால் முன்பைவிட மோசம். தலையணைக்கடியில் குப்பி இல்லாமல் தூக்கமே வராது. இதுவும் ஏற்பி விவகாரமா?

மருந்தியல் ஆசிரியை | செவ்வாய், மதியம் 12:40

ஆம் அக்கா. இது ஆல்பா ஏற்பி. ஒட்டினால் மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கம் வடியும். இது துண்டு அல்ல, உட்கார்ந்து வேலை செய்யும் மருந்து. ஓயாமல் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? செல்லும் அப்படித்தான். ஏற்பிகளின் காதை மந்தமாக்கும், சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே அளவு மருந்துக்குப் பலன் குறையும், நிறுத்தினால் வீக்கம் திரும்பி எழும். நாலைந்து நாளுக்கு மேல் விடக் கூடாது என்பது இதனால்தான். ஒரு மூக்கில் மட்டும் முதலில் நிறுத்திப் பாருங்கள். ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் துணைக்கு வேண்டியிருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவர் தருவார்.

தடுப்பு மருந்தில் நடப்பது இதன் தலைகீழ். பீட்டா தடுப்பு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால், குரல் கேட்கவில்லையே என்று செல் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் இத்தனை காதிலும் அட்ரினலின் ஒரே நேரத்தில் கத்தும். படபடப்பு வரும், இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். இந்த இழையைப் படித்துவிட்டு இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் பீட்டா தடுப்பு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். கண் சொட்டும் அப்படியே. நீரழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

செம்பூர்ப் பெரியவர் | செவ்வாய், இரவு 8:15

நாடிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அம்மா. மூலக்கூறு எண்ணிக்கையைக் காகிதத்தில் போட்டுச் சரிபார்த்தேன், சரிதான். காகத்தின்மேல் பழி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். எனக்கும் இழைப்பு உண்டு. பழுப்பு நிற இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார்கள். இழுத்தால் ஒன்றும் தெரிவதில்லை என்று மூன்று மாதமாகத் தொடவில்லை. அதற்கும் ஏற்பி உண்டா?

மருந்தியல் ஆசிரியை | செவ்வாய், இரவு 9:30

ஐயா, நாளையே மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடி தொடங்கச் சொல்வார்.

அது ஸ்டீராய்டு. அதன் ஏற்பி செல்லின் வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. மருந்து சவ்வைக் கடந்து போய் ஏற்பியைச் சேர்ந்து, இரண்டும் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணுவைப் படிக்கலாம், எதை மூடலாம் என்று மாற்றி எழுதும். பிறகு புரதங்கள் உருவாக வேண்டும், பழையவை தேய வேண்டும். மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். நீல இன்ஹேலர் வாசலில் நின்று கூப்பிடுவது, நிமிடங்களில் பதில் வரும். பழுப்பு இன்ஹேலர் சமையலறைக்குள் போய் நாளைய சமையலையே மாற்றுவது. இழுத்ததும் தெரியாது என்பதற்காக வேலை நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தச் சமையலில் புதிய பீட்டா 2 ஏற்பிகளும் உண்டு. நீல மருந்துக்கு உட்கார இடம் கூட்டித் தருவதே அதுதான். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

மாட்டுங்காவாசி | சனி, மாலை 6:05

கண் மருத்துவமனைக்கு மறுபடி போய்வந்தோம். நடந்ததைச் சொன்னேன். மருத்துவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார், சீட்டில் சிவப்பு மையால் 'பீட்டா தடுப்பு மருந்து கூடாது' என்று பெரிதாக எழுதினார். லட்டனோபுரோஸ்ட் என்ற சொட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார், இரவில் மட்டும் ஒரு சொட்டு. இது வேறு ஏற்பியாம், கண்ணிலிருந்து நீர் வடிவதைக் கூட்டுமாம். கண்ணிமை மயிர் நீளமாக வளரலாம் என்று சொன்னதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சயான் அண்ணன் சொன்னபடி அம்மாவின் மருந்துகள் எல்லாவற்றையும், விடுவது, தடவுவது, இழுப்பது உட்பட, ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துவிட்டேன். மேலே 'இழைப்பு, ஆஸ்துமா, தமா' என்று மூன்றையும் மூன்று எழுத்திலும் எழுதினேன்.

இன்று உள்ளே நானும் கூடவே போனேன். செவிலியர் கோப்பைத் திறக்கும்போதே, அவர் கேட்பதற்கு முன்னால், அம்மா அட்டையை மேசைமேல் வைத்து, முப்பது வருடமாக இருக்கிறது என்பதை இந்தியிலேயே சொன்னார்: "தமா ஹை. தீஸ் சால் ஸே."